சோனிக் லாக்கில் வரும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நிலவியல்_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. பயன்பாட்டு நிலவியல், இறுதி ஆண்டு. காவிரிப் படுகை எண்ணெய்க் கிணறு ஒன்றின் லாக் கோப்பை (கருவிகளைத் துளைக்குள் இறக்கி ஆழவாரியாக அளந்த பதிவை) ப்ராஜெக்டுக்காகத் துறையில் கொடுத்திருக்கிறார்கள். கிணற்றின் பெயரை இங்கே போட அனுமதி இல்லை. காமா (இயற்கைக் கதிர்வீச்சு), ரெசிஸ்டிவிட்டி (மின்தடை), டென்சிட்டி (அடர்த்தி), கேலிபர் (துளையின் அகலம்), பழைய முறை சோனிக் (பாறையில் ஒலி ஓடும் நேரம்), அதோடு டைபோல் என்ற புதிய சோனிக் கருவியின் பி (நெருக்கு அலை), எஸ் (சறுக்கு அலை) கோடுகளும் இருக்கின்றன.

சோனிக்கில்தான் தடுமாறுகிறேன். ஒலி நேரத்திலிருந்து நுண்துளை காணும் வைலி சூத்திரத்தில் போட்டால் மேல்பகுதி மணற்பாறையில் நுண்துளை விகிதம் (பாறையில் வெற்றிடத்தின் பங்கு) டென்சிட்டி தருவதைவிட 4, 5 சதவீதம் கூடுதலாக வருகிறது. கீழே ஒரு மணற்பாறையில் சோனிக் கோடு திடீர் திடீரென்று எகிறி இறங்குகிறது. போதாததற்கு கைடு யங் குணகமும் (பாறையின் விறைப்பு) போடச் சொல்கிறார். லாக்கிலிருந்து வருவது, கோர் துண்டை (துளையிலிருந்து வெட்டி எடுத்த பாறை உருளையை) ஆய்வகத்தில் அழுத்தி எடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எதை அறிக்கையில் எழுதுவது?

கேபிள்_மஸ்கட்

வணக்கம் தங்கச்சி. ஓமனில் வயர்லைன் லாக்கிங் (கேபிளில் கருவியைக் கிணற்றுக்குள் இறக்கி அளப்பது) வேலை பார்க்கிறேன். நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கருவி என்ன அளக்கிறது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். நுண்துளையை அது அளக்கவில்லை, வலிமையையும் அளக்கவில்லை. அளப்பது நேரம் மட்டும். ஒலி எழுப்ப ஒரு டிரான்ஸ்மிட்டர். அதிலிருந்து 3 அடியில் ஒரு ரிசீவர், 5 அடியில் இன்னொன்று. ஒலி சேற்றை (துளையை நிரப்பியிருக்கும் துளையிடு திரவத்தை) கடந்து துளைச் சுவரைத் தொட்டு, சுவரை ஒட்டியே ஓடி, மறுபடி சேற்றைக் கடந்து ரிசீவருக்கு வருகிறது. சேற்றில் போன நேரம் இரண்டுக்கும் பொது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது 2 அடிப் பாறைக்கான நேரம். துளை ஓரிடத்தில் அகன்றிருந்தாலோ கருவி சாய்ந்திருந்தாலோ இந்தக் கழித்தல் பிசகும். அதனால்தான் மேலே ஒரு டிரான்ஸ்மிட்டர், கீழே ஒன்று என்று வைத்து மாறி மாறிச் சுட்டுச் சராசரி எடுக்கிறோம்.

கருவியின் உறையே எஃகு. எஃகில் ஒலி அடிக்கு 57 மைக்ரோசெகண்டில் ஓடிவிடும். படிவுப் பாறைகள் பலவற்றைவிட வேகம். அது நேராக ஓடி ரிசீவரை முந்திக்கொள்ளாமல் இருக்க, உறையில் குறுக்குப் பள்ளங்களாக வெட்டி வைத்திருப்பார்கள். ஒலி வளைந்து வளைந்து வந்து தாமதமாகித் தேய்ந்துவிடும். இதே 57தான் எங்களுக்கு உரைகல்லும். கருவி கேசிங்குக்குள் (கிணற்றில் இறக்கிச் சிமெண்டால் பொருத்தும் எஃகுக் குழாய்க்குள்) ஏறியதும், சிமெண்ட் பிடிக்காத இடத்தில் திரையில் 57 வர வேண்டும். வரவில்லை என்றால் கீழே எடுத்த லாக்கை வாடிக்கையாளரிடம் கொடுக்க மாட்டேன்.

உங்கள் லாக் எகிறுவது பெரும்பாலும் சைக்கிள் ஸ்கிப். பழைய கருவி அலையின் முதல் எழுச்சியை ஒரு வரம்பு வைத்துப் பிடிக்கிறது. தூரத்து ரிசீவரில் அது பலவீனமாக வந்தால் கோட்டைவிட்டு அடுத்த சுற்றைப் பிடித்துக்கொள்ளும். 20 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சுற்று 50 மைக்ரோசெகண்ட். 2 அடியில் பங்கிட்டால் அடிக்கு 25 ஏறும். இரண்டு திசைகளில் ஒன்றில் மட்டும் தவறினால் சராசரியில் பாதி, அதாவது 12.5. உங்கள் கோடு கிட்டத்தட்ட இந்த அளவுகளில் தாவுகிறதா என்று பாருங்கள். தாவினால் அது பாறை இல்லை, கருவியின் தவறல். அலை ஏன் பலவீனமானது என்பதுதான் அடுத்த கேள்வி: துளை அகன்றிருக்கலாம், பாறை வெடித்திருக்கலாம், வாயு இருக்கலாம். கேலிபரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கருங்கல்

(நீர்நிலவியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன்.) நுண்துளைக் கேள்விக்கு நான் வருகிறேன் அம்மா.

வைலி, கிரெகரி, கார்ட்னர் மூவரும் 1956ல் தந்தது மிக எளிய உறவு. மொத்த நேரம் = திண்மத்தில் ஓடிய நேரம் + நுண்துளைகளில் உள்ள திரவத்தில் ஓடிய நேரம். எனவே நுண்துளை விகிதம் = (லாக் நேரம் − பாறைத் திண்மத்தின் நேரம்) ÷ (திரவ நேரம் − பாறைத் திண்மத்தின் நேரம்). அடிக்கு மைக்ரோசெகண்ட் கணக்கில் மணற்பாறைக்கு 55.5, சுண்ணாம்புக்கல்லுக்கு 47.5, டோலமைட்டுக்கு 43.5, நன்னீர்ச் சேற்றுக்கு 189 என்று போடுவது வழக்கம்.

லாக்கில் 85 வருகிறது என்று வையுங்கள். மணற்பாறை என்றால் 29.5 ÷ 133.5 = 22 சதவீதம். அதே 85ஐச் சுண்ணாம்புக்கல் என்று நினைத்துப் போட்டால் 37.5 ÷ 141.5 = 26.5 சதவீதம். கல் எது என்று தெரியாமல் இந்தச் சூத்திரத்தைத் தொடவே கூடாது. டென்சிட்டி, நியூட்ரான் (பாறையில் ஹைட்ரஜன் அளவு), காமா எல்லாம் கூடவே ஓட்டுவது இதனால்தான்.

இன்னொரு நிபந்தனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாறை நன்கு இறுகியிருக்க வேண்டும். இறுகாத மணலில் மணிகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பதில்லை, ஒலி தளர்ந்து ஓடும், நுண்துளை மிகையாக வரும். அருகிலுள்ள ஷேலை (களிமண் பாறையை) பாருங்கள். அது அடிக்கு 100 மைக்ரோசெகண்டுக்கு மேல் காட்டினால் இறுக்கம் போதவில்லை என்று பொருள். ஷேல் நேரத்தை 100ஆல் வகுத்து, அந்த எண்ணால் உங்கள் விடையை வகுக்க வேண்டும். 1980ல் ரேமர், ஹன்ட், கார்ட்னர் தந்த உறவில் இந்தத் திருத்தம் இல்லாமலே ஓரளவு சமாளிக்கலாம். இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

சுண்ணாம்புக்கல்லில் கதை தலைகீழ். அங்கே கரைந்து உண்டான பொந்துகள் தனித்தனியாக இருக்கும். முதலில் வந்து சேரும் அலை பொந்தைச் சுற்றிக்கொண்டு திண்மம் வழியாகவே வந்துவிடும். சோனிக் குறைவாகவும் டென்சிட்டி கூடுதலாகவும் காட்டும். அந்த வித்தியாசமே பொந்துகள் எவ்வளவு என்பதற்கு ஒரு தடயம்.

ரிக்_திருச்செங்கோடு

வணக்கமுங்க. நம்முது போர்வெல் ரிக் வண்டி. நீங்க பேசறது ஆயில் கிணறுன்னாலும் எனக்கும் இதுல ஒரு கேள்வி இருக்குதுங்க.

நாங்க ஹேமர் அடிக்கறப்ப சத்தத்துலயே கல்லு மாறறது தெரியும். கெட்டிக் கருங்கல்லுன்னா சத்தம் கணீருன்னு இருக்கும், புகை வெள்ளையாப் பறக்கும். வெடிப்பு வந்தா சத்தம் மட்டுப்படும், ராடு சட்டுனு ரெண்டு விரக்கடை எறங்கும், புகை ஈரமாகும். பானை வாங்கறப்ப சுண்டிப் பாக்கற கணக்குத்தான். அப்ப இந்தச் சத்தக் கருவியை அடிச்சு முடிச்ச போருக்குள்ள எறக்குனா தண்ணி வர்ற வெடிப்பு எந்த அடியில இருக்குதுன்னு சொல்லிப்போடுமா? 900 அடி, 1000 அடி அடிச்சும் தண்ணி இல்லாம வெவசாயி உக்காந்து அழுகறதைப் பாக்கறோமுங்க. அதுக்காகத்தான் கேக்கறேன்.

கேபிள்_மஸ்கட்

அண்ணே, பானையைச் சுண்டும்போது நீங்கள் கேட்பது நாதம். இந்தக் கருவி நாதத்தைக் கேட்பதில்லை, எப்போது வந்தது என்பதைத்தான் பார்க்கிறது. பழைய கருவி அந்த ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடும். இப்போதைய கருவிகள் ரிசீவருக்கு வரும் அலை முழுவதையும் பதிவு செய்கின்றன. நீங்கள் கேட்பதற்கான விடை பின்னால் வரும் அந்த அலைகளில்தான் இருக்கிறது.

முதலில் வருவது பி அலை. அடுத்து எஸ் அலை. கடைசியாக ஒன்று துளைக்குள் இருக்கும் திரவத்தையும் சுவரையும் பற்றிக்கொண்டு நகரும், அதற்கு ஸ்டோன்லி அலை என்று பெயர். உங்களுக்கு வேண்டியது அதுதான். கெட்டிக் கல்லில் அது தேயாமல் போகும். திறந்த வெடிப்பின் வாய்க்கு வந்ததும் திரவம் வெடிப்புக்குள் புகுந்து வெளிவரும். அந்த இடத்தில் அலையின் சக்தி ஒரு பங்கு போய்விடும், இன்னொரு பங்கு எதிரொலியாகத் திரும்பும். பதிவை ஆழவாரியாக விரித்தால் திறந்த வெடிப்பு இருக்கும் இடத்திலிருந்து சாய்கோடுகள் இரண்டு பக்கமும் கிளம்பும். வெடிப்பு களிமண்ணோ கால்சைட்டோ அடைத்துக் கிடந்தால் அந்தக் கோடுகள் வராது, அல்லது மங்கலாக இருக்கும். பி அலை இந்த வேலைக்கு உதவாது. கருங்கல்லில் அது விநாடிக்கு 5500, 6000 மீட்டர் ஓடுகிறது. மெல்லிய வெடிப்பு 2 அடிச் சராசரியில் காணாமலே போய்விடும்.

கருங்கல்

ரிக்காரரே, ஒரு தடையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காற்றில் அடிக்கிறீர்கள். அடித்து முடித்ததும் நீர்மட்டத்துக்கு மேலே துளை வெறும் காற்று. காற்றிலிருந்து கல்லுக்கு இந்த ஒலி ஏறாது; இரண்டின் அடர்த்தியும் வேகமும் அத்தனை வேறு, ஏறக்குறைய எல்லாமே சுவரில் பட்டுத் திரும்பிவிடும். ஆகவே நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும்தான் சோனிக் எடுபடும். வறண்ட போரில் லாரித் தண்ணீர் ஊற்றி நிரப்பினால் எடுக்கலாம், ஆனால் அதற்கு ஆகும் செலவை ஒரு விவசாயியிடம் கேட்க முடியாது.

இன்னொன்று. போர் அடித்த பிறகு வெடிப்பு எங்கே என்று தெரிவதால் என்ன பயன்? ஏற்கெனவே நீர் வந்த ஆழங்களை நீங்களே குறித்து வைக்கிறீர்கள். எங்கே அடிப்பது என்பதற்கு நிலத்தின் மேல் எடுக்கும் ரெசிஸ்டிவிட்டி ஆய்வுதான் இன்றைக்கும் கைகொடுக்கிறது. ஊர்ப்பக்கப் போருக்கு கேலிபர், மின்தடை லாக், கேமரா போதும். சோனிக் உண்மையில் பயன்படும் இடம் வேறு: ஆராய்ச்சிப் போர்கள், அணை, சுரங்கம் போன்றவை. ஒன்று மட்டும் செய்யுங்கள். ஹேமர் சத்தம் மாறிய அடி, புகை ஈரமான அடி, ராடு இறங்கிய அடி மூன்றையும் நோட்டில் எழுதி அந்த விவசாயியிடமே கொடுங்கள். ஐந்தாறு வருடம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்தில் அடிப்பவருக்கு அந்த நோட்டு பெரிய சொத்து.

ரிக்_திருச்செங்கோடு

சரிங்கய்யா. எந்த அடியில தண்ணி வந்ததுன்னு மட்டும் எழுதிக் கொடுத்துட்டு இருந்தோம். இனி மத்ததும் எழுதிக் கொடுக்கச் சொல்றேன்.

மெட்ரோ_மண்

ஜியோடெக்னிக்கல் பொறியாளர், சென்னை. மாணவியின் யங் குணகக் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து.

எங்கள் வேலையில் பி அலை பெரும்பாலும் ஏமாற்றும். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் தளர்ந்த மண்ணில் அளந்தால் விநாடிக்கு 1500 மீட்டர் சொல்லும். அது தண்ணீரின் வேகம், மண்ணின் வேகம் இல்லை. எஸ் அலை திரவத்தில் ஓடாது, எனவே மண்ணின் எலும்புக்கூட்டை மட்டும்தான் அது உணரும். நிலநடுக்க வடிவமைப்புக்கு மேல் 30 மீட்டரின் சராசரி எஸ் வேகத்தைத்தான் பார்க்கிறோம். உலக அளவில் புழங்கும் வகைப்பாட்டில் விநாடிக்கு 760 மீட்டருக்கு மேல் பாறை, 360 முதல் 760 வரை மிக இறுகிய மண் அல்லது மென்பாறை, 180 முதல் 360 வரை விறைப்பான மண், 180க்குக் கீழே மென்மண்.

கணக்கு எளிது. சறுக்கு குணகம் (பக்கவாட்டில் சறுக்குவதற்கு எதிரான விறைப்பு) = அடர்த்தி × எஸ் வேகத்தின் வர்க்கம். 250 மீட்டர் வேகமுள்ள மண்ணுக்கு, கன மீட்டருக்கு 1800 கிலோ என்று வைத்தால், சுமார் 112 மெகாபாஸ்கல். 3400 மீட்டர் வேகமுள்ள கருங்கல்லுக்கு 30 ஜிகாபாஸ்கலைத் தாண்டும். வேகம் வர்க்கமாகப் போவதால், அளவீட்டில் 10 சதவீதம் பிசகினால் குணகத்தில் 20 சதவீதம் பிசகும். அதனால்தான் லாக் எடுக்கும் நாளில் ஆளே போய் நிற்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

என் தனிப்பட்ட கருத்து: லாக்கில் வரும் யங் குணகத்தை வடிவமைப்பில் நேரடியாகப் போடக் கூடாது. ஆய்வகத்து எண்தான் எடுபடும்.

கேபிள்_மஸ்கட்

கடைசி வரியில் உடன்பட முடியவில்லை சார். நேரடியாகப் போடக் கூடாது என்பது சரி. ஆய்வகத்து எண்தான் உண்மை என்பதை ஏற்க முடியாது.

இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று பார்ப்போம். ஒலி அலை பாறையை நசுக்கும் அளவு மிக நுண்மையானது, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அளவில் நுண்வெடிப்புகள் அசையாது, மணிகள் வழுக்காது, பாறை விறைப்பாகத் தெரியும். ஆய்வகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை நசுக்குகிறோம். வெடிப்புகள் மூடிக்கொள்ளும், மணிகள் வழுக்கும், குணகம் குறையும். கெட்டிக் கருங்கல்லில் இரண்டும் அருகருகே வரும். மென்மையான மணற்பாறையில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலகும். மாணவிக்கு வந்தது இதுதான், அதில் பிழை எதுவும் இல்லை.

ஆனால் ஆய்வகத்துக்குப் போனது எந்தத் துண்டு? உடையாமல் மேலே வந்த துண்டு. உடைந்து வந்ததை யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை. நல்ல கல்லை மட்டும் பொறுக்கிச் சோதித்துவிட்டு அதை மொத்தப் பாறையின் எண் என்று எழுதுகிறோம். லாக் உடைந்த பகுதியையும் சேர்த்தே பார்க்கிறது.

மெட்ரோ_மண்

அந்தக் கடைசிப் பத்தியை ஏற்றுக்கொள்கிறேன், அதற்கு எங்களிடம் ஒரு பழைய வழியும் இருக்கிறது. அதே கல்லின் பி வேகத்தைக் களத்திலும் ஆய்வகத்திலும் அளந்து, களத்து எண்ணை ஆய்வக எண்ணால் வகுத்து, வர்க்கம் எடுப்போம். களத்தில் 4200, ஆய்வகத்தில் 5600 என்றால் 0.75, வர்க்கம் 0.56. ஏறத்தாழ ஆர்.க்யூ.டி. (கோரில் 10 செ.மீ.க்கு மேல் உடையாமல் வந்த துண்டுகளின் பங்கு) 56 சதவீதம் உள்ள பாறையைப் போல அது நடந்துகொள்ளும். இரண்டு எண்களும் சேர்ந்தால்தான் வெடிப்பின் அளவு தெரிகிறது.

கோர் எடுத்த ஆழங்களில் லாக் குணகத்தையும் ஆய்வகக் குணகத்தையும் எதிரெதிரே வரைந்து ஒரு நேர்கோடு கண்டுபிடித்து, அந்த உறவைக் கிணறு முழுக்கப் பயன்படுத்துவது முறையான வழி. இன்னொரு நாட்டுப் படுகைக்குக் கண்டுபிடித்த உறவை எடுத்து இங்கே ஒட்டக் கூடாது.

கருங்கல்

வேகத்தை வைத்தே கல்லின் பெயரைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கைக்குப் பெரிய அடி ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் விழுந்தது. அங்கே 1970ல் தொடங்கி 12,262 மீட்டர் வரை துளைத்தார்கள். சுமார் 7 கிலோமீட்டரில் நில அதிர்வு வேகம் கூடுவதைப் பார்த்து, கருங்கல் முடிந்து பசால்ட் தொடங்குகிறது என்று எதிர்பார்த்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் பசால்ட் இல்லை. உருமாறிய பாறைகள்தான் தொடர்ந்தன, அதுவும் வெடித்து, தண்ணீர் ஊறிய நிலையில்.

நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் கொய்னா. 1967 டிசம்பர் 10ல் 6.3 அளவு நிலநடுக்கம் வந்த இடம். அங்கே 2016-17ல் சுமார் 3 கிலோமீட்டர் முன்னோடித் துளை போட்டார்கள். மேலே 1247 மீட்டர் தக்காணப் பசால்ட், அதற்குக் கீழே கருங்கல் வகை அடித்தளம். இப்படியான துளையில் லாக், கோர் இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதால்தான் நிலநடுக்க அலைகளை வைத்துத் தூரத்தில் இருந்து செய்யும் கணிப்புகளைச் சரிபார்க்க முடிகிறது.

இன்னும் எனக்கு வியப்பானது கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவைக் குறுக்கே துளைத்த திட்டம். பார்க்ஃபீல்டுக்குப் பக்கத்தில், துளை நெடுகிலும் அளந்த தூரத்தில் 3192 மீட்டரிலிருந்து சுமார் 200 மீட்டர் அகலத்துக்கு பி, எஸ் இரண்டு வேகங்களும் தாழ்ந்து கிடந்தன. பிளவு நொறுக்கி வைத்த பகுதி அது. அதற்குள்ளேயே 3192, 3302 மீட்டர் ஆகிய இரண்டு குறுகிய இடங்களில் எஃகு கேசிங் மெல்ல வளைந்துகொண்டிருந்தது. பிளவு இன்றைக்கும் நகர்வது அந்த இரண்டு மெல்லிய பட்டைகளில்தான். சோனிக் அகலமான நொறுங்கலைச் சொன்னது; நகரும் கோடு எது என்பதைக் கேசிங் சொன்னது.

கேபிள்_மஸ்கட்

கேசிங் பேச்சு வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். இதே ஒலிதான் சிமெண்ட் சோதனைக்கும். கேசிங்குக்குப் பின்னால் சிமெண்ட் இல்லை என்றால் எஃகு கணகணவென்று அதிரும், முதல் அலையின் வீச்சு பெரிதாக வரும். சிமெண்ட் ஒட்டியிருந்தால் வீச்சு அடங்கிவிடும்.

2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடா, மகோண்டோ எண்ணெய்க் கிணறு. இந்தச் சோதனைக்காகத் தயாராக இருந்த லாக்கிங் குழுவை அன்று காலை வேண்டாம் என்று கரைக்கு அனுப்பிவிட்டார்கள். சிமெண்ட் போடும்போது சேறு முழுவதும் திரும்பி வந்தது, அதுவே போதும் என்று முடிவு. அன்றிரவே வெடித்தது, 11 பேர் போனார்கள். கிணற்றின் அடிமுனைக்குள் இருக்கும் சிமெண்டை அந்த லாக் எப்படியும் பார்த்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த லாக் ஓடியிருந்தால் நிச்சயம் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அளப்பதற்கு ஆள், கருவி எல்லாம் தளத்திலேயே இருக்கும்போது அளக்காமல் அனுப்புவதை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

நிலவியல்_மாணவி

எல்லோருக்கும் மிக்க நன்றி. பார்த்துவிட்டேன்.

மேல் மணற்பாறையில் லாக் நேரம் 95. வைலியில் 29.6 சதவீதம். பக்கத்து ஷேல் 118 காட்டுகிறது. ஐயா சொன்னபடி 1.18ஆல் வகுத்தால் 25.1 வருகிறது. டென்சிட்டி 25. பொருந்திவிட்டது!

கீழே எகிறும் பகுதியில் தாவல்கள் 12, 25 என்றுதான் இருக்கின்றன. கேலிபர் நேராக இருக்கிறது, துளை அகலவில்லை. ரெசிஸ்டிவிட்டி கூடுதல். டைபோலின் எஸ் கோடு அமைதியாக இருக்கிறது. அதே கருவியின் பி கோட்டை எடுத்து பி, எஸ் வேக விகிதம் போட்டால் மேலே 1.8 இருந்தது இங்கே 1.6க்கு இறங்குகிறது. இது வாயுவா அண்ணா?

கேபிள்_மஸ்கட்

வாயு என்றே வலுவாகச் சந்தேகிக்கலாம் தங்கச்சி. நுண்துளைகளில் கொஞ்சம் வாயு கலந்தாலே பி வேகம் சரிந்துவிடும். எஸ் அலை திரவத்தைக் கண்டுகொள்ளாது, அதனால் அப்படியே நிற்கும். உங்கள் எண்களும் அதைத்தான் சொல்கின்றன. நியூட்ரான் லாக் கிடைக்குமா என்று துறையில் கேளுங்கள். டென்சிட்டியோடு சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

அந்தப் பகுதியில் பழைய சோனிக் கோட்டை எடுக்கவே வேண்டாம். டைபோல் கருவியில் வரிசையாக உள்ள ரிசீவர்களின் அலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வேகம் காண்பார்கள். 1984ல் கிம்பால், மார்செட்டா இருவரும் வெளியிட்ட முறை. ஒரு ரிசீவர் தவறினாலும் மற்றவை இழுத்துப் பிடிக்கும், அதனால்தான் அந்தக் கோடு தாவவில்லை.

யங் குணகமும் அந்தக் கோடுகளில்தான் போட வேண்டும். சரிபார்க்க ஒரு கணக்கு: பி விநாடிக்கு 4000 மீட்டர், எஸ் 2300, அடர்த்தி கன மீட்டருக்கு 2400 கிலோ என்றால் பாய்சான் விகிதம் (அழுத்தும்போது பக்கவாட்டில் புடைக்கும் அளவு) 0.25, யங் குணகம் சுமார் 32 ஜிகாபாஸ்கல் வர வேண்டும். உங்கள் விரிதாளில் அது வருகிறதா என்று முதலில் பாருங்கள். வாயுப் பகுதியில் பாய்சான் 0.18 வாக்கில் இறங்கும், பயப்பட வேண்டாம். அறிக்கையில் லாக் குணகம், ஆய்வகக் குணகம் இரண்டையும் தனித்தனிப் பத்தியாகப் போட்டு, மெட்ரோ சார் சொன்ன நேர்கோட்டையும் வரைந்து காட்டுங்கள். கோர் ஆழமும் லாக் ஆழமும் ஓரிரு மீட்டர் விலகியிருக்கும். கோரில் எடுத்த காமாவை லாக் காமாவோடு பொருத்தி ஆழத்தைச் சரிசெய்த பிறகே வரையுங்கள்.